அத்தியாயம் 6: திருப்பிக் கொடுக்காத செருப்பு

“போட மாட்டேன்.”

பார்சல்காரி பேனாவைத் தொடக்கூட இல்லை. டிப்போ மேலாளர் தள்ளிய தாள் மேசை விளிம்பு வரை வழுக்கி வந்து நின்றது. தவறு தன்னுடையதுதான், வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று அவளுக்காக யாரோ அதில் அழகாக எழுதி வைத்திருந்தார்கள்.

“போடலன்னா போலீசுக்குப் போகும்மா. சாயங்கால லாரி கிளம்புற வரைக்கும் டைம் தர்றேன்.”

“எதுக்கு சார் சாயங்காலம்? இப்பவே போங்க. நானும் கூட வர்றேன். பெட்ரோல் என் செலவு.”

சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்த சில்லறைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற கொக்கியின் முழங்கை விலாவில் இறங்கவும், சிரிப்பு இருமலாக மாறிற்று.

கொக்கி என்பது அவளுக்குக் கூட வேலை செய்தவர்கள் வைத்த பேர். ஒரு காலத்தில் இதே மாதிரி சரக்குக் கூடங்களில் இரும்புக் கொக்கியால் மூட்டையைக் குத்தி இழுத்தவள். தோள் தேய்ந்ததும் பஞ்சர் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டுவிட்டாள். இப்போது இழுப்பது பொய்களை. அவளுடைய உதவியாளன் சில்லறை முன்னாள் பஸ் கண்டக்டர். யாருக்கும் மீதிச் சில்லறை கொடுக்காததால் வந்த பேர். பேச்சில் மட்டும் பாக்கி வைக்க மாட்டான்.

“என்னதான் நடந்துச்சு, நேரா சொல்லுங்க” என்றாள் கொக்கி.

மேலாளர் அலுத்துக்கொண்டார். “ஜனங்க ஆன்லைன்ல வாங்கறாங்க. பிடிக்கலன்னா திருப்பி அனுப்பறாங்க. உடனே ஒருத்தன் போன் பண்றான். ‘உங்க பணம் வழியில நிக்குது, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க’ங்கறான். சொல்லிடறாங்க. பேங்க்ல இருக்கறது வழிச்சு எடுத்த மாதிரி போயிடுது. தையல் கடைக்காரம்மா புது மெஷினுக்கு வெச்சிருந்தது மொத்தமும் காலி.”

“நம்பரைச் சொன்னது அவங்க தப்பு. இவ என்ன பண்ணா?”

“அவன் பொருளு, கலரு, சைஸு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்கிறானே! வாசல்ல போய், சாமானைப் பிரிச்சுப் பார்த்து, திருப்பி வாங்கிட்டு வர்றது யாரு? இவதானே?”

“கடைக்கும் தெரியும். குடோனுக்கும் தெரியும்.”

“அவங்களுக்கு ஊர் பூரா தெரியும். திருட்டு இவ சுத்தற ரெண்டு தெருவுல மட்டும்தான் நடக்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?”

கேள்வி கல் மாதிரி நடுவில் கிடந்தது. சில்லறைக்கே சந்தேகம் தட்டியது. நம்மளைக் கூட்டிட்டு வந்த கட்சிக்காரியே கை வைத்திருந்தால்?

படியிறங்கும்போது கீழே பார்சல்காரியின் கொழுந்தன் தண்ணீர் பாட்டிலோடு நின்றான். அதே டிப்போவில், திரும்பி வரும் சாமான்களைச் சரிபார்க்கும் அறையில் வேலை. அண்ணி சொல்லிச் சேர்த்துவிட்டவன்.

“குடிங்க அண்ணி. முகமே சுண்டிப் போச்சு.” குரலைத் தாழ்த்தினான். “சொன்னாக் கேளுங்க, கையெழுத்து போட்டுட்டு வந்துடுங்க. வேலை போனா போகுது. ஜெயிலு கோர்ட்டுனு அலைய முடியுமா? வீட்டை நான் பாத்துக்கறேன்.”

“வேலை போகட்டும்டா. திருடின்னு பேரு எடுத்துக்கிட்டுப் போகணுமா?”

“நாலு நாள்ல மறந்துடுவாங்க அண்ணி.”

“என்னைத்தானே சொல்றாங்க? எத்தனை நாள்ல மறக்கும்னு நான் சொல்றேன்.” பாட்டிலை அவன் கையிலேயே திணித்துவிட்டு நடந்தாள்.

அவன் கொக்கியைப் பார்த்துக் கும்பிட்டான். “அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.”

தங்கமான பையன் என்று சில்லறை நினைத்துக்கொண்டான்.

*

போன் வந்தும் ஏமாறாதவள் அந்தத் தெருக்களில் ஒருத்திதான். ஆஸ்பத்திரி நர்ஸ். கதவைச் சங்கிலியோடு திறந்தவள், பார்சல்காரியைக் கண்டதும் மூட ஆரம்பித்தாள். கொக்கி கதவிடுக்கில் காலை வைத்தாள்.

“ரெண்டே கேள்வி. அப்புறம் கால் மேலயே சாத்திக்கங்க.”

நர்ஸுக்கு அந்தப் பேச்சு பிடித்திருக்க வேண்டும். சங்கிலி கழன்றது.

“போன் வந்துச்சு. செருப்பு திருப்பி அனுப்பினீங்களே, பணம் வரலியே, நம்பரைச் சொல்லுங்கன்னான். ஊசி போடறவளுக்கே ஊசியாடான்னு கேட்டு வெச்சுட்டேன். வெள்ளைச் செருப்பு, வார் வெச்சது, சைஸு வரைக்கும் சரியா சொன்னான்.” பார்சல்காரியை முறைத்தாள். “இந்தம்மாவுக்குத்தானே தெரியும்?”

கொக்கி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். சில்லறையும் பார்த்தான். நர்ஸ் அப்போதுதான் டூட்டியிலிருந்து வந்திருந்தாள். காலில் வெள்ளைச் செருப்பு. வார் வைத்தது.

“எந்தச் செருப்பைத் திருப்பி அனுப்பினீங்க?”

“இதை…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். தன் காலைத் தானே பார்த்தாள். “இது… அனுப்பல.”

“அது தெரியுது.”

“முதல்ல கடிச்சுது. திருப்பிடலாம்னு போட்டேன், பெட்டியில ஒட்டற சீட்டும் பிரிண்ட் எடுத்தேன். அப்புறம் ஒரு டூட்டி முழுக்கப் போட்டுக்கிட்டு நின்னேன், தானா இளகிடுச்சு. சரி இருக்கட்டும்னு போன்லயே ரத்து பண்ணிட்டேன்.”

“எடுத்துட்டுப் போக இவங்க வந்தாங்களா?”

“வரவே இல்லியே. ஆள் அனுப்பறதுக்கு முன்னாடியே ரத்து பண்ணிட்டேனே.”

பார்சல்காரி சட்டென்று நிமிர்ந்தாள். “எடுக்கற வேலை எனக்குன்னு வந்தாத்தான் என் போன்ல பேரும் பொருளும் ஏறும். இவங்க செருப்பு எனக்கு ஏறவே இல்ல! கொண்டாந்து குடுத்தப்பவும் பெட்டிதான் தெரியும், உள்ள செருப்பா செங்கல்லான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஆக,” என்றான் சில்லறை, “கால்ல கிடக்கற செருப்புக்குக் காசு திருப்பித் தரணும்னு ஒருத்தன் துடிச்சிருக்கான். கர்ணன்கூட கேட்டாத்தான் குடுத்தான்.”

நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு சங்கடமாகப் பார்சல்காரியைப் பார்த்தாள். “நான் உங்களை வாய்க்கு வந்தபடி…”

“பேசினீங்க. இன்னும் ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட இதையும் பேசுங்க” என்றாள் பார்சல்காரி. கசப்பை மறைக்கவில்லை.

கொக்கி வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். “சீட்டு எங்க எடுத்தீங்க?”

“முனை ஜெராக்ஸ் கடையில. எல்லாரும் அங்கதானே? முன்னாடி ஒரு தடவை இந்தம்மாதான் வழி சொன்னாங்க.”

பார்சல்காரியின் முகம் மாறியது. தெருவில் இறங்கிய பிறகுதான் வாய் திறந்தாள். “சீட்டு ஒட்டாத பெட்டியை நான் எடுக்கக் கூடாது அக்கா. வீட்டுல பிரிண்டர் வெச்சிருக்கறது யாரு? மத்த பார்சல்காரங்க எல்லாம் ‘சீட்டு இல்லையா, நாளைக்குப் பார்ப்போம்’னு போயிடுவாங்க. நான்தான் ஒவ்வொருத்தரையும் அந்தக் கடைக்கு அனுப்பினேன்.”

“அதான் உன் ரெண்டு தெருவுல மட்டும் திருட்டு” என்றாள் கொக்கி.

*

ஜெராக்ஸ் கடையில் சூடான தாளும் மையும் மணத்தன. மூலையில் ஒரு கணினி. கடைக்காரர் மூக்கில் கண்ணாடி தொங்க, யாருடைய சான்றிதழையோ பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

“திருப்பி அனுப்பற சீட்டு எடுக்கணும்” என்றான் சில்லறை. பொய்யில்லை. அவன் மனைவி வாங்கிய ஜன்னல் திரை பாதி ஜன்னலோடு நின்றுவிட்டது. ஜன்னலுக்கு டவுசர் போட்ட மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னதற்கு இரண்டு நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

“உக்காந்து நீங்களே எடுங்க.”

உட்கார்ந்தான். திரை வாங்கிய ஆன்லைன் கடையின் பக்கம் திறந்தது. போன் எண் கேட்கும் கட்டத்தில் முதல் இலக்கத்தைத் தட்டினான். ஒரே ஓர் இலக்கம்.

கட்டத்துக்குக் கீழே தெருவே இறங்கி வந்தது.

போன் எண்களாக வரிசை வரிசையாக. பார்சல்காரி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “இது நர்ஸம்மா நம்பர். இது தையல் கடை. இது… ஐயோ, எல்லாரும் இருக்காங்க.”

சில்லறை ஒன்றின்மேல் அமுக்கினான். கடவுச்சொல் கட்டத்தில் கறுப்புப் புள்ளிகள் தாமாக நிரம்பின.

“அது ஒண்ணுமில்லீங்க” என்றார் கடைக்காரர். “‘நினைவுல வெச்சுக்கவா’னு கேக்கும். ஜனங்க ஆமான்னு அமுக்குவாங்க. அடுத்த தடவை சுலபம் பாருங்க.”

“ரொம்ப சுலபம்ண்ணே. வீட்டுச் சாவியைக் கழட்டி உங்க கடை ஆணியில மாட்டிட்டுப் போறாங்க. அதுக்கு மேல உங்களுக்கு ஜெராக்ஸ் காசும் குடுக்கறாங்க.”

கொக்கி அவனை நகர்த்திவிட்டுத் திரையின் மேல்மூலையைச் சுட்டினாள். சின்னதாக ஒரு வட்டம். உள்ளே ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளின் படம்.

“இந்த வண்டி யாருது?”

“எனக்கெங்க வண்டி? மெஷின் மக்கர் பண்ணிச்சு. டிப்போலேர்ந்து ஒருத்தர் வந்து சரி பண்ணிக் குடுத்தார். கம்பெனியே அனுப்பிச்சதாம். காசு குடுத்தா வாங்கல.”

“ஆளு எப்படி?”

“தூசி ஆகாதுன்னு முகத்துல துணி கட்டியிருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. அவசரம்போல.”

“காசு வாங்காத மெக்கானிக்” என்று முணுமுணுத்தான் சில்லறை. “அப்பவே போலீசைக் கூப்பிட்டிருக்கணும்.”

கொக்கி பொறுமையாகச் சொன்னாள், கடைக்காரருக்கும் சேர்த்து. “சரி பண்றேன்னு வந்தவன் தன் கணக்கை இதுல திறந்து வெச்சுட்டுப் போயிருக்கான். இந்த வட்டம் அவன். இங்க யாரு எதை நினைவுல வெச்சாலும் அது அப்படியே அவன் போனுக்கும் போகும். அவன் வீட்டுல இருந்தே ஒவ்வொருத்தர் கணக்கா நுழைஞ்சு பார்ப்பான். என்ன வாங்கினாங்க, எந்தக் கார்டுல பணம் கட்டினாங்க, எங்க இருக்காங்க, எதைத் திருப்பறாங்க, எல்லாம் கிடைக்கும். கிடைக்காதது போனுக்கு வர்ற அந்த ஒரு நம்பர்தான். அதுக்குத்தான் குழைஞ்சு பேசறான்.”

கடைக்காரர் வெளிறிப்போய் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

“அணைக்காதீங்க. ஆணியில இன்னும் ஒரு சாவி மாட்டணும்.” சில்லறையைப் பார்த்தாள்.

“என் பொண்டாட்டி கணக்கா? அவகிட்ட ஒரு வார்த்தை…”

“பேச்சுவார்த்தை இல்லன்னியே?”

சில்லறை மனைவியின் எண்ணைத் தட்டினான். கடவுச்சொல்லைத் தட்டினான். நினைவில் வைக்கவா என்றது கணினி. ஆமாம் என்று அமுக்கி, ஜன்னல் திரையைத் திருப்பப் பதிவும் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து எடுத்து வந்த அவள் போன் தன் சட்டைப்பையில்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் கிசுகிசுத்தான். “அக்கா, டிப்போ ஆளு, கம்பெனி அனுப்பிச்சது. தாளை நீட்டறதுக்கு அவ்வளவு அவசரம். அந்த மேலாளர்தான், எழுதி வெச்சுக்கங்க.”

“எழுத வேணாம். போய்ப் பார்ப்போம்.”

*

டிப்போவில் மாலை லாரிக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. பெட்டிகள் சறுக்கி வந்து விழ, சுமைக்காரர்கள் இரும்புத் தள்ளுவண்டிகளில் அடுக்கினார்கள். மேலாளர் தாளோடு கூடத்துக்கே இறங்கி வந்துவிட்டார்.

“என்னம்மா, போடறியா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் சில்லறையின் பையில் போன் அடித்தது. தெரியாத எண். மேலாளரைப் பார்த்தான். அவர் எதிரிலேயே நின்றார். ஒரு கையில் தாள், மறு கையில் பேனா. சில்லறை கட்டிய கோட்டை அங்கேயே சரிந்தது.

போனை எடுத்து அதன் ஒலிபெருக்கியைப் போட்டான்.

“மேடம் இருக்காங்களா?” துணிக்குள்ளிருந்து பேசுவது போலக் கனத்த குரல். “ஜன்னல் திரை திருப்பியிருந்தீங்க. அந்தப் பணம் விஷயமா பேசறோம்.”

“மேடம் தூங்கறாங்க சார். எழுப்பினா உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. நான் புருஷன்தான். விவரமா சொல்லுங்க, எனக்கு மெதுவாத்தான் புரியும்.”

கொக்கி போனைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, குரலுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டாள். சரக்குக் கூடத்துச் சத்தம் அவள் ரத்தத்தில் ஊறியது. இரண்டெட்டு வைத்து ஒரு காலி தள்ளுவண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, அப்படியே விட்டாள்.

டங்ங்!

கூடம் அதிர்ந்தது. ஒரு மூச்சு கழித்து, சில்லறையின் கையிலிருந்த போனுக்குள்ளும் கேட்டது. டங்ங்.

மேலாளரின் வாய் திறந்தபடி நின்றது. கொக்கி மறுபடி தூக்கிப் போட்டாள். போனுக்குள் மறுபடி டங்ங்.

“உங்க ஆபீஸ்ல என்ன சார் சத்தம்?”

“அது… பக்கத்துல கட்டட வேலை. நம்பர் வந்துச்சா சார்?”

“கண்ணாடியைத் தேடறேன் சார். கண்ணாடி இல்லாம கண்ணாடியைத் தேடறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?”

ஒரு சுமைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு எடைமேடைப் பக்கம் நகர்ந்தார். போனில் சத்தம் மெலிந்தது. கொக்கி கையை ஆட்டினாள். வண்டி திரும்பி உள்வரிசை அறைகளை நோக்கிப் போனது. போனில் சத்தம் பெருத்தது. அப்போது பார்சல்காரி போய் அவர் கையிலிருந்து வண்டியை வாங்கிக்கொண்டாள்.

முதல் அறை, பூட்டு. இரண்டாவது அறை, திறந்து கிடந்தது, யாருமில்லை. மூன்றாவது கதவைப் பார்த்ததும் அவள் நடை நின்றது. ஒரு கணம்தான். பிறகு முன்னைவிட வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கதவில் மோதினாள். போன் காதைக் கிழித்தது. அவள் முஷ்டியால் கதவைத் தட்டினாள்.

“சார்,” என்றான் சில்லறை, “உங்க கதவை யாரோ தட்டறாங்கபோல. போய்த் திறந்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

இணைப்பு அறுந்தது.

கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. கழுத்தில் துணி தொங்க, கொழுந்தன் நின்றான். கையிலிருந்த போனின் முகப்பில் சிவப்பு மோட்டார் சைக்கிள்.

“அண்ணி… கத்தாதீங்க அண்ணி.”

அவள் கத்தவில்லை. அதுதான் சில்லறைக்குப் பயமாக இருந்தது.

“காலையிலயே சொன்னேன்ல அண்ணி? கையெழுத்து போட்டிருந்தா இத்தோட முடிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போம்.”

“ரெண்டு பேருமா? நான் எதுலேர்ந்துடா தப்பிக்கணும்?”

அவன் தலை குனிந்தான். தண்ணீர் பாட்டிலோடு நின்ற தங்கமான பையனை நினைத்துச் சில்லறைக்கு வாய் கசந்தது. கண்டக்டர் வேலையில் ஆயிரம் முகம் பார்த்தவன் இதைக் கோட்டை விட்டிருந்தான்.

மேலாளர் சுதாரித்துக்கொண்டார். தாளை நாலாகக் கிழித்துப் பையில் போட்டார். குரலில் தேன். “சரிம்மா, நீ சுத்தம். நாளைக்கு வழக்கம்போல வா. இவனைச் சத்தமில்லாம வெளிய அனுப்பிடறோம். ஜனங்ககிட்ட மட்டும் மூச்சு விடாதே. எங்க டிப்போ ஆளுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் ஆர்டர் போடுவான்? உனக்கும் குடும்ப மானம் இருக்கு பாரு.”

“அம்மா கேட்டா தாங்க மாட்டாங்க அண்ணி” என்றான் கொழுந்தன்.

“காலையில நான் மட்டும் திருடி. இப்ப நான் குடும்பமா?” அவள் இருவரையும் சேர்த்தே பார்த்தாள். “அத்தை தாங்க மாட்டாங்க, கம்பெனி தாங்காது. தையல் கடைக்காரம்மா மட்டும் தாங்கிக்கணும். நான் தாங்கிக்கணும். அந்த ரெண்டு தெருவுல இன்னும் எத்தனை பேரு சாவி இவன் போன்ல தொங்குது? அவங்களுக்கு யார் சொல்றது?”

“அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்.”

“எப்ப?”

மேலாளர் மிரட்டலுக்குத் தாவினார். “ஒரு வீட்டுல சொன்னாலும் உனக்கு இங்க வேலை கிடையாது.”

அவள் தோளிலிருந்து கம்பெனிப் பையைக் கழற்றித் தள்ளுவண்டியில் போட்டாள். “பை உங்களுது. எடுத்துக்கங்க.”

கொக்கி போனை எடுத்தாள். அழுத்துவதற்கு முன் கேட்டாள். “நீ சொல்லு. போலீசைக் கூப்பிடவா?”

“கூப்பிடுங்க அக்கா. யாருன்னு கேட்டா என் கொழுந்தன்னே சொல்லுங்க.”

சுமைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். லாரி டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்தார்.

*

பார்சல்காரி தெருவில் நுழைந்தபோது சில்லறை பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டே மனைவியின் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தான்.

“அவ பிறந்தநாளை வெச்சுடட்டுமா?”

“அதை வெச்சா யாரு வேணும்னாலும் கண்டுபிடிச்சுடுவாங்க” என்றாள் அவள் திரும்பாமல்.

“எனக்கே தெரியாதும்மா. இதைவிடப் பாதுகாப்பு எங்க கிடைக்கும்?”

அவள் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த போன் விடாமல் அதிர்ந்தது. ஒரு தடவை மேலாளர், ஒரு தடவை வீடு. இரண்டையும் எடுக்கவில்லை. முதல் வீட்டின் மணியை அழுத்தினாள். பனியனோடு ஒருவர் வந்து, வெறுங்கையாக நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பார்சல் எங்க?”

“இன்னிக்குப் பார்சல் இல்ல சார். முனைக் கடையில சீட்டு எடுத்தீங்கல்ல, அங்க போட்ட கடவுச்சொல்லை இப்பவே மாத்துங்க. என் கண்ணு முன்னாடி மாத்துங்க. யாரு கேட்டாலும் போனுக்கு வர்ற நம்பரைச் சொல்லாதீங்க. திருடினவன் எங்க டிப்போ ஆளு. என் வீட்டு ஆளு.”

அவர் விழித்தார். “இதைச் சொல்லச் சொல்லி கம்பெனி அனுப்பிச்சுதா?”

“இல்ல சார். சொல்லக் கூடாதுன்னுச்சு” என்றாள் பார்சல்காரி. “போனை எடுத்துட்டு வாங்க. நான் நிக்கறேன்.”